அந்த ஆறு பென்ஸ்

பேரரசின் படைவரிசை – 9

பிரைட்டன் அரண்மனையில் காயத்தோடு கிடந்த இந்தியச் சிப்பாய்களின் கதையைச் சென்ற இதழில் முடித்தோம். முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காக ஆயுதம் ஏந்தியவர்கள் அவர்கள் மட்டுமல்ல. அட்லாண்டிக் கடலின் மறுகரையில், கரும்புத் தோட்டங்களிலும் கப்பல் துறைகளிலும் கூலிவேலை செய்துகொண்டிருந்த கறுப்பின இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படைக்குள் வந்தார்கள். ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கிரெனடா, பஹாமாஸ், பிரிட்டிஷ் கயானா, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று பல கரைகளிலிருந்து 15,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஜமைக்காக்காரர்கள். ராஜவிசுவாசத்தோடு கப்பல் ஏறிய இவர்களில் பலர், தன்னாட்சி வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்கள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நடந்தவைதான் இந்த அத்தியாயம்.

கேட்டும் கிடைக்காத இடம்

மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1795-இலேயே 'வெஸ்ட் இண்டியா ரெஜிமென்ட்' தொடங்கப்பட்டுவிட்டது. அதற்கு ஆள் சேர்த்த விதம்தான் கொடுமையானது. 1795-க்கும் 1807-க்கும் இடையில் பிரிட்டிஷ் ராணுவம் 13,000-க்கும் அதிகமான அடிமைகளை விலைகொடுத்து வாங்கிச் சிப்பாய்களாக்கியது. அந்த ரெஜிமென்ட்டிலிருந்துதான் 1866-இல் சாமுவேல் ஹாட்ஜ், 1892-இல் வில்லியம் கார்டன் ஆகிய இருவர் காம்பியாவில் நடந்த சண்டைகளுக்காக விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். கறுப்பினத்தவர் போரிடுவார்களா என்ற கேள்விக்கு 1914-க்கு முன்பே பதில் கிடைத்திருந்தது.

ஆனாலும் 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், "நாங்களும் வருகிறோம்" என்று தீவுகளிலிருந்து வந்த கோரிக்கைகளை லண்டனின் போர் அலுவலகம் தட்டிக் கழித்தது. வெள்ளையர்களான ஜெர்மானியரைக் கறுப்பினத்தவர் சுட்டு வீழ்த்தும் காட்சியையே அங்கிருந்த அதிகாரிகள் விரும்பவில்லை. ஐரோப்பாவில் துப்பாக்கியைத் தூக்கி வெள்ளையனைக் குறிபார்த்தவன், ஊர் திரும்பிய பின் அடங்கி நடப்பானா என்ற பயம் அவர்களுக்கு.

தீவு மக்களின் மனநிலை வேறாக இருந்தது. 1838-இல் அடிமைத்தளை முழுமையாக நீங்கியபோது அரியணையில் இருந்தவர் விக்டோரியா. விடுதலை தந்தது அரச குடும்பம்தான் என்ற நம்பிக்கை பாட்டன் பாட்டிகளின் வழியாகப் பேரப்பிள்ளைகள் வரை வந்திருந்தது. பின்னாளில் கறுப்பின உரிமைக்குரலாக உலகமே அறிந்த மார்கஸ் கார்வி கூட 1914-இல் தன் அமைப்பின் சார்பில் அரசருக்கு விசுவாசம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார். விசுவாசத்தைக் காட்டினால் போருக்குப் பிறகு உரிமைகள் தாமாக வரும் என்று படித்தவர்கள் கணக்கிட்டார்கள். தோட்டக்கூலியில் வயிறு நிறையாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளம் என்பதும் சிறிய விஷயமாக இல்லை.

1915 மே மாதம் பார்படோஸ் இளைஞர்கள் ஒன்பது பேர் கப்பலில் ஒளிந்துகொண்டு லண்டனுக்கே வந்துவிட்டார்கள். பிடித்து வெஸ்ட் ஹாம் நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, படையில் சேரத்தான் வந்தோம் என்றார்கள். நீதிபதி அவர்களின் நிறத்தை வைத்துக் கேலி செய்தார். சண்டைக்கு ஆள் போதவில்லை என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டிய அதே நகரில், சண்டைக்கு வந்தவர்கள் குற்றவாளிக்கூண்டில் நின்றார்கள்.

கடைசியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே தலையிட்டார். இவர்களைத் திருப்பி அனுப்பினால் தீவுகளில் மனக்கசப்பு வளரும் என்று அவருக்குப் பட்டது. போர் அலுவலகம் இறங்கி வந்தது. 1915 இலையுதிர் காலத்தில் 'பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்ட்' பிறந்தது. ஆனால் ராணுவச் சட்ட விதிகளின்படி அதிகாரிப் பதவி ஐரோப்பிய வம்சத்தவருக்கு மட்டுமே. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு திறமை காட்டினாலும், கறுப்பினத்தவரின் ஏணி சார்ஜென்ட் என்ற படியோடு நின்றது.

போர்க்களம் காணும் முன்பே

முதலில் வந்தவர்களை இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் மாவட்டத்துச் சீஃபோர்ட் முகாமில் இறக்கினார்கள். வெயிலில் வளர்ந்த உடம்புகள், கடற்காற்று வீசும் குளிர்காலத்துக்குள் நேராகப் போய் விழுந்தன. பொன்னுக்கு வீங்கியும் நிமோனியாவும் முகாமைச் சூறையாடின. ஒரு தோட்டாவின் சத்தத்தைக் கூடக் கேட்காமல் இறந்துபோனவர்களின் கல்லறைகள் இன்றும் சீஃபோர்ட் இடுகாட்டில் இருக்கின்றன.

அதைவிடப் பெரிய துயரம் 1916 மார்ச்சில் நடந்தது. ஜமைக்காவின் மூன்றாவது அணியைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 'வெர்டாலா' என்ற கப்பலில் கிங்ஸ்டனிலிருந்து புறப்பட்டார்கள். பகைவரின் நடமாட்டம் இருக்கிறது என்று கப்பலைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் பக்கம் திருப்பிவிட்டார்கள். வழியில் பனிப்புயல். கப்பலில் வெப்பமூட்டும் வசதி இல்லை, வீரர்களிடம் கம்பளி உடுப்பு இல்லை. சுமார் 600 பேர் பனிக்கடியால் பாதிக்கப்பட்டார்கள். விறைத்துக் கறுத்துப்போன விரல்களையும் பாதங்களையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உறுப்பிழந்தவர்கள் நூறு பேருக்கு மேல். செய்தி ஜமைக்காவுக்கு எட்டியதும் ஆள்சேர்ப்பு சில காலம் நின்றுபோனது.

ரெஜிமென்ட்டின் இறப்புக் கணக்கிலேயே இந்த அலட்சியம் பதிந்திருக்கிறது. போர்முனையில் கொல்லப்பட்டவர்களும் காயத்தால் இறந்தவர்களுமாக 185 பேர். நோயால் இறந்தவர்கள் 1,071 பேர். எதிரியின் குண்டுக்குப் பலியான ஒவ்வொருவருக்கும் ஈடாக, முகாமிலும் கப்பலிலும் மருத்துவமனையிலும் ஐந்து பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அந்த உயிர்களில் கணிசமானவற்றைக் கம்பளியும் கவனிப்பும் காப்பாற்றியிருக்கும்.

குண்டு சுமந்த பட்டாலியன்கள்

பன்னிரண்டு பட்டாலியன்கள் திரண்டன. ஆனால் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போனவர்களின் கையில் கிடைத்தது பெரும்பாலும் மண்வெட்டியும் பீரங்கிக் குண்டும்தான். கிடங்கிலிருந்து பீரங்கி மேடை வரை குண்டுகளைத் தோளில் சுமப்பது, தண்டவாளம் பதிப்பது, பதுங்குகுழி வெட்டுவது, தந்திக்கம்பி இழுப்பது, கப்பலில் சரக்கேற்றி இறக்குவது என்று வேலைகள். சொம் களத்திலும் ஈப்ர் களத்திலும் இதைத்தான் செய்தார்கள்.

சண்டையில்லாத வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதிரியின் பீரங்கி முதலில் தேடுவது நம் பீரங்கியைத்தான். அதற்குக் குண்டு கொண்டுபோகிறவன் அந்தக் குறிக்குள்தான் நடந்தாக வேண்டும். திருப்பிச் சுட அவன் கையில் எதுவும் இருக்காது. 1917-இல் ஈப்ர் பகுதியின் சேற்றில் இந்தப் பட்டாலியன்கள் நல்ல ஆட்களை நிறைய இழந்தன.

அந்தச் சேற்றிலிருந்துதான் ஹெர்பர்ட் மோரிஸ் ஓடிப்போனான். ஜமைக்காவின் ரிவர்ஸ்டேல் ஊர்ப் பையன், ஆறாவது பட்டாலியன், வயது பதினேழு. துப்பாக்கிச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்று விசாரணையில் சொன்னான். 1917 செப்டம்பர் 20 அதிகாலையில் பெல்ஜியத்தின் பொபரிங்கே நகரில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படித் தண்டிக்கப்பட்ட முன்னூற்றுச் சொச்சம் வீரர்களோடு சேர்த்து அவனுக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. 89 ஆண்டுகள் கழித்து வந்த அந்த மன்னிப்பைக் கேட்க அவன் தாய் உயிரோடு இல்லை.

ஜோர்டான் ஆற்றங்கரையில்

துப்பாக்கி கிடைத்த இடத்தில் இவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பாலஸ்தீனம் சாட்சி. முதல், இரண்டாம் பட்டாலியன்கள் எகிப்து வழியாக அங்கே போயின. 1917 ஜூலையில் காசாவுக்கு அருகே 'குடைக்குன்று' மீது நடந்த தாக்குதல்களில் இவர்களுடைய இயந்திரத் துப்பாக்கி அணி பாராட்டுப் பெற்றது. 1918 செப்டம்பரில் ஜெனரல் சேட்டரின் தலைமையில் ஜோர்டான் பள்ளத்தாக்கில் திரண்ட படையில் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் இருந்தார்கள், ஓர் இந்தியக் காலாட்படை பிரிகேடு இருந்தது, யூதர்களின் இரண்டு பட்டாலியன்கள் இருந்தன. மேற்கிந்தியர்களின் இரண்டு பட்டாலியன்களும் அவர்களோடு நின்றன. ஜிஸ்ர் எத் தாமியா என்ற இடத்தில் ஆற்றுப்பாலத்தைக் கைப்பற்ற, நியூசிலாந்துக் குதிரைவீரர்களும் முதல் பட்டாலியன்காரர்களும் சேர்ந்து துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். பாலம் வீழ்ந்தது. துருக்கியப் படை பின்வாங்கும் வழி அடைபட்டது.

போர் முடியும்போது ரெஜிமென்ட்டுக்கு 81 வீரப் பதக்கங்கள் கிடைத்திருந்தன. தளபதிகளின் அறிக்கைகளில் 49 பேர் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டிருந்தார்கள். பாராட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அதே எகிப்தில், பிரிட்டனின் பெருமை பேசும் பாட்டைப் பாடிக்கொண்டே முகாமின் பொழுதுபோக்குக் கூடத்துக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் வீரர்களை, அதைப் பாட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இதைப் பதிவு செய்தவர் அந்த அணியில் இருந்த சாமுவேல் ஹேன்ஸ். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

டாரன்டோ

1918 நவம்பரில் போர் நின்றது. ஊருக்கு அனுப்புவதற்காகப் பட்டாலியன்களை இத்தாலியின் தென்கோடியில், டாரன்டோ துறைமுகத்தில் கூட்டினார்கள். கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் வெடித்தது.

காரணத்தின் வேர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்தது. 1918-இன் ராணுவ ஆணை எண் 1 பிரிட்டிஷ் வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. ஒரு ஷில்லிங் வாங்கியவருக்கு ஒன்றரை ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்பதால், உயர்வு நாளொன்றுக்கு ஆறு பென்ஸ். எல்லாரையும் போல ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய மேற்கிந்தியர்களுக்கு அது மறுக்கப்பட்டது. நீங்கள் பிரிட்டிஷ் படையினர் அல்லர், 'நேட்டிவ்'கள் என்று காரணம் சொன்னார்கள்.

பணமாகப் பார்த்தால் அது சிறிய தொகை. ஆனால் அதற்கான விளக்கம் பெரிதாக வலித்தது. ஆள்சேர்ப்பு மேடைகளில் 'நீங்களும் மன்னரின் பிள்ளைகள்' என்று கேட்டு வந்தவர்கள் இவர்கள். ஒரே குளிரில் நடுங்கி, ஒரே குண்டு மழையில் நனைந்து வந்தபின், கூலிச்சீட்டில் மட்டும் வேறு சாதி என்று எழுதினால் யாருக்குப் பொறுக்கும்?

டாரன்டோவில் முகாம் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் கேரி பெர்னார்ட் அந்தப் புண்ணிலேயே கைவைத்தார். களம் கண்டு வந்தவர்களைக் கப்பல்களில் சுமையேற்றி இறக்க வைத்தார்கள். போதாததற்கு மற்றவர்களின் அழுக்குத் துணியைத் துவைக்கவும், இத்தாலியத் தொழிலாளர்களின் கழிவறைகளைக் கழுவவும் உத்தரவு வந்தது. வெள்ளை வீரர்களுக்கு அந்த வேலை இல்லை.

டிசம்பர் 6 அன்று ஒன்பதாவது பட்டாலியன் வீரர்கள் தங்கள் அதிகாரிகள் மீது பாய்ந்தார்கள். அதே நாளில் 180 சார்ஜென்ட்கள் கையெழுத்திட்ட மனு லண்டனுக்குப் போனது. சம்பள உயர்வு ஏன் இல்லை, குடும்பப்படி ஏன் குறைவு, அதிகாரிப் பதவி ஏன் எட்டாக்கனி என்று அது கேட்டது. அடுத்த சில நாட்கள் வேலை நின்றது, கட்டளைகள் மீறப்பட்டன. ஒன்பதாவது பட்டாலியனைக் கலைத்து ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். மேற்கிந்தியர்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட வூஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் வரவழைக்கப்பட்டது. சுமார் 60 பேரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. பலருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், ஒருவருக்கு 20 ஆண்டுகள் சிறை.

1919 பிப்ரவரியில் போர் அலுவலகம் அந்த ஆறு பென்ஸைப் பின்தேதியிட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மனுவில் கேட்டது நியாயம் என்பதற்கு இதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்? ஆனால் அதைக் கேட்ட குற்றத்துக்காகச் சிலர் சிறையில்தான் இருந்தார்கள்.

சார்ஜென்ட்களின் கூட்டம்

கலகம் அடங்கிய பிறகு நடந்ததுதான் இந்த அத்தியாயத்தின் முக்கிய நிகழ்ச்சி என்று நான் கருதுகிறேன். டிசம்பர் 17 இரவு சார்ஜென்ட்கள் உள்ளிட்ட சுமார் 60 பேர் ரகசியமாகக் கூடி, 'கரீபியன் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். போருக்குப் பின் தீவுகளை நெருங்கி இணைக்க வேண்டும், மக்களின் நலனைக் காக்க வேண்டும் என்பது நோக்கம். அடுத்த கூட்டத்தில் ஒரு சார்ஜென்ட் எழுந்து, கறுப்பினத்தவர் தம் நாட்டைத் தாமே ஆள வேண்டும், தேவையானால் அதற்குப் பலத்தையும் பயன்படுத்த வேண்டும் என்றபோது கூட்டம் கைதட்டி வரவேற்றது.

அதுவரை பார்படோஸ்காரனுக்கு ஜமைக்கா தூரத்து ஊர். தீவுக்குத் தீவு ஆயிரம் மைல் கடலும் பழைய பொறாமைகளும் இருந்தன. அவர்களை முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் ஒன்றாக வாழ வைத்தது பிரிட்டிஷ் ராணுவம். ஒரே அவமானத்தை எல்லாருக்கும் பொதுவாகப் பங்கிட்டதும் அதுவே. லீக்கின் தலைமையகம் கிங்ஸ்டனில் இருக்கலாமா என்பதில் பிற தீவினர் முரண்பட்டார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவர் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க, சில வாரங்களில் லீக் கலைந்தது. எண்ணம் மட்டும் கலையவில்லை.

ஊர் திரும்பியவர்கள்

1919 ஜூலை 19 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. பேரரசின் பல படைகள் நடந்த அந்த வரிசையில் பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்ட்டுக்கு இடமில்லை. மூன்றே நாளில், ஜூலை 22 அன்று, பிரிட்டிஷ் ஹோண்டுராஸின் பெலீஸ் நகரில் திரும்பி வந்த வீரர்கள் தெருவில் இறங்கிக் கடைகளைத் தாக்கினார்கள். விலைவாசி ஏறியிருந்தது, வேலை இல்லை, எகிப்தில் பட்ட அவமதிப்பு நெஞ்சில் இருந்தது. அன்று கூட்டத்தை அமைதிப்படுத்த உதவியவர் சாமுவேல் ஹேன்ஸ். அதன்பின் அவர் மார்கஸ் கார்வியின் இயக்கத்தில் சேர்ந்தார். அவர் எழுதிய பாட்டுதான் பின்னாளில் சுதந்திர பெலீஸின் தேசிய கீதமானது. ஒரு பாட்டைப் பாட உரிமையில்லை என்று கேட்ட வீரர்களில் ஒருவர், தன் நாட்டுக்கே பாட்டு எழுதினார்.

டிரினிடாடில் கேப்டன் ஆர்தர் ஆண்ட்ரூ சிப்ரியானி. கார்சிகா வம்சாவளியில் வந்த வெள்ளையர், இந்த ரெஜிமென்ட்டின் அதிகாரி. படையில் தம் ஆட்களுக்காக வாதாடிய அனுபவத்தோடு திரும்பி, தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். வெறுங்கால் மனிதர்களின் சார்பில் பேசுகிறேன் என்று சொல்லி, 1925-இல் தேர்தலில் வென்று சட்டமன்றம் போனார். கிரெனடாவில் பதினேழு வயதில் படையில் சேர்ந்த யூரியா பட்லர், பிறகு டிரினிடாடின் எண்ணெய் வயல்களில் வேலை செய்தார். 1937 ஜூன் 19-இல் அவர் தலைமையில் வெடித்த வேலைநிறுத்தம் தீவையே உலுக்கியது. அந்த நாள்தான் இன்று டிரினிடாடின் தொழிலாளர் தினம். பார்படோஸில் முன்னாள் வீரர் கிளெனல் விக்கம் பத்திரிகையாளராகி, தோட்ட முதலாளிகளின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்தார்.

ஜமைக்காவின் நார்மன் மேன்லி வேறு ரெஜிமென்ட்டில், ராயல் பீல்ட் ஆர்ட்டிலரியில் இருந்தவர். சமநிலையில் இருந்த வெள்ளையர்களின் வெறுப்பைப் பொறுக்க முடியாமல் கார்ப்பரல் பட்டையைத் தானே துறந்தார். வேறொரு பிரிவுக்கு மாறிப் போரிட்டு மிலிட்டரி மெடல் வாங்கினார். தம்பி ராய் 1917-இல் ஈப்ர் களத்தில் இறந்தார். 1938-இல் மேன்லி தொடங்கிய மக்கள் தேசியக் கட்சி, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது. ஜமைக்காவுக்கு 1944-இலும் டிரினிடாடுக்கு 1946-இலும் அது கிடைத்தது. 1962 ஆகஸ்டில் இரு நாடுகளும் சுதந்திரம் பெற்றன.

பேரரசுப் படைகளில் சிறுபான்மையினர் ஆற்றிய பங்கைப் பேசும்போது பதக்கங்களையும் பலியானவர்களையும் எண்ணுவது வழக்கம். அது தேவைதான். சீஃபோர்டில் இறந்தவனும், பொபரிங்கேயில் சுடப்பட்டவனும், தாமியா பாலத்தில் பாய்ந்தவனும் நினைவில் நிற்க வேண்டியவர்கள். ஆனால் டாரன்டோவில் கழிவறை கழுவ மறுத்தவர்களுக்கும் அந்தப் பட்டியலில் சம இடம் வேண்டும். சம உழைப்புக்குச் சம ஊதியம், சம உயிருக்குச் சம மரியாதை என்ற நியதியைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பாடமும் அவர்கள் செய்த சேவைதான். அதற்கு அவர்கள் சிறைவாசத்தை விலையாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பாடம் ராணுவத்தின் தலையில் ஏறியதா? 1939-இல் மறுபடியும் போர் வந்தபோது, ஐரோப்பிய வம்சத்தவருக்கு மட்டுமே அதிகாரிப் பதவி என்ற விதி இன்னும் இருந்தது. அக்டோபரில் அதைத் தளர்த்த வேண்டிவந்தது. டாரன்டோ தலைமுறையின் பிள்ளைகள் இந்த முறை ராயல் ஏர் ஃபோர்ஸின் விமானங்களில் ஏறினார்கள். ஜெர்மனியின் மேல் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த டிரினிடாடின் உல்ரிக் கிராஸையும், போர் முடிந்து 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் பிரிட்டனுக்கே குடியேற வந்த முன்னாள் விமானப்படையினரையும் அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)